தப்பிய கார்ன் ஸ்னேக்கை வீட்டுக்குள் தேடுவது எப்படி?

கேள்வி இதுதான்: "லண்டன் புறநகரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். 13 வயது மகன் கார்ன் ஸ்னேக் என்ற பாம்பு ஒன்றை வளர்க்கிறான், மூன்றடி இருக்கும். முந்தாநாள் ராத்திரி கண்ணாடிக் கதவை ஒரு விரல் அளவு திறந்து விட்டிருக்கிறான். காலையில் பார்த்தால் கூண்டு காலி. வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டோம், கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் பயத்தில் ராத்திரி முழுக்க விளக்கை அணைக்க விடுவதில்லை. அது கடிக்குமா? வெளியே போயிருக்குமா? இனிமேல் கிடைக்குமா?"

கிடைப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் முதலில் அந்த விளக்கை அணைக்க வேண்டும். அந்தி மயங்கிய பிறகும் விடிவதற்கு முன்பும்தான் கார்ன் ஸ்னேக் நடமாடும். இரவெல்லாம் வெளிச்சமும் காலடிச் சத்தமுமாக இருக்கிற வீட்டில் அது புகுந்த இடுக்கை விட்டு அசையாது. நீங்கள் புரட்டிப் போட்டுத் தேடியதும் அப்படித்தான். கட்டிலை நகர்த்தி, அலமாரியை இழுத்து, நாலு பேர் தடதடவென்று நடந்திருப்பீர்கள். அது இன்னும் உள்ளே போயிருக்கும்.

இரண்டு நாள் என்பது பாம்புக்கு ஒன்றுமே இல்லை. வளர்ந்த கார்ன் ஸ்னேக் வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். ராயல் பைத்தான் என்று இங்கே கடைகளில் விற்கும் பந்து மலைப்பாம்பு நல்ல கூண்டிலேயே மாதக்கணக்கில் எலியைத் தொடாமல் உரிமையாளரின் தூக்கத்தைக் கெடுக்கும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராலே நகரில், 2021 ஜூன் கடைசியில் ஒரு வீட்டு வாசலில் வரிக்குதிரை நாகம் தென்பட்டு ஊரே கலங்கியது. அது முந்தைய ஆண்டு நவம்பரிலேயே வளர்த்தவரின் வீட்டிலிருந்து காணாமல் போனது என்று பிறகுதான் தெரிந்தது. ஆகவே பட்டினியைப் பற்றிக் கவலை வேண்டாம். தண்ணீரும் வெப்பமும்தான் கவலை, அதற்கு வருகிறேன்.

உங்கள் அத்தைக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் அமைதியானால்தான் வீடு அமைதியாகும். கார்ன் ஸ்னேக்குக்கு விஷம் இல்லை. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வயலிலும் தானியக் கொட்டகையிலும் எலி பிடித்துத் திரிகிற பாம்பு இது. நம் ஊர் வயல் வரப்பில் பார்க்கும் சாரைப்பாம்பும் இதுவும் ஒரே குடும்பம். "அத்தை, இது அமெரிக்கச் சாரை, அதிலும் சின்னது, மெதுவானது" என்று சொல்லிப் பாருங்கள். ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சாரை கடித்து யாரும் சாகவில்லை என்பது தெரியும். கடிக்குமா என்றால், பயந்தால் கடிக்கும். ரோஜா முள் கீறியது போல நாலைந்து சிவப்புப் புள்ளிகள் விழும், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தூங்குகிறவரைத் தேடி வந்து கடிக்கிற வழக்கம் இந்தப் பாம்புக்குக் கிடையாது. கட்டிலில் ஏறுமா என்றால், ஏறலாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கு அதற்குப் பிடிக்கும். அத்தை படுக்கும் அறையை முதலில் சோதித்துவிட்டு, கதவை மூடி, கதவின் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்துக் கொடுங்கள். அதற்குப் பிறகு அந்த அறை அவருக்குப் பாதுகாப்பான அறை.

பூண்டு, பெருங்காயம், அந்துருண்டை, மண்ணெண்ணெய் எல்லாம் அவர் சொல்லியிருப்பார். எதுவும் வேலை செய்யாது. அந்துருண்டையும் மண்ணெண்ணெயும் மூடிய ஆங்கில வீட்டில் முதலில் உங்களுக்குத்தான் தலைவலி தரும், பாம்பின் நுரையீரலுக்கும் கெடுதல். கிண்ணத்தில் பால் வைத்தாலும் வராது. தண்ணீர் வைத்தால் வரலாம்.

இனி அது எங்கே இருக்கும் என்று பார்ப்போம். கூண்டை விட்டு வெளியே வந்த பாம்புக்கு ஊரைச் சுற்றும் எண்ணம் எதுவும் இல்லை. உடம்பின் இரண்டு பக்கமும் எதிலாவது உரசிக்கொண்டு, இருட்டாக, கொஞ்சம் கதகதப்பாக ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். சுவரோரமாகவே போகும், முதலில் கிடைக்கும் நல்ல இடுக்கில் புகுந்துகொள்ளும். அந்த இடுக்கு பெரும்பாலும் கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இதற்கு உலகமே பார்த்த இரண்டு சாட்சிகள் உண்டு. 2011 மார்ச் இறுதியில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிசாலையில் ஓர் இளம் எகிப்திய நாகம் காணாமல் போனது. அந்த நாகம் நியூயார்க் தெருக்களில் உலா வருவது போல ஒருவர் ட்விட்டரில் கணக்குத் தொடங்கி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார், லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். நாகமோ ஊர்வனக் கட்டிடத்தை விட்டே போகவில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அதே கட்டிடத்தின் ஒரு இருட்டு மூலையில் சுருண்டு கிடந்தது. ஊழியர்கள் கட்டிடத்தை மூடி, ஆரவாரம் இல்லாமல், எலி வாசனை ஏறிய மரச்சீவலைப் போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். அதுதான் அவர்களுடைய உத்தி.

இரண்டாவது கதை எனக்கு இன்னும் பிடித்தது. 2022 அக்டோபரில் ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சென் மீன்காட்சியகத்தில், ஏழடிக்கும் கொஞ்சம் கூடுதலான ராஜநாகம் ஒன்று கூண்டின் மேற்பகுதியிலிருந்த விளக்குப் பொருத்தியின் வழியாக வெளியே போனது. வருஷக்கணக்கில் அதே விளக்கு அங்கேதான் இருந்தது. பழைய பல்பு சுடும், அதனால் பாம்பு அதன் பக்கம் போகாது. மின்சாரம் மிச்சம் பிடிக்கிற புதிய பல்பை மாற்றினார்கள், அது சுடவில்லை. பல்புக்கும் பொருத்திக்கும் நடுவில் தலையை நுழைத்து நெம்பி வெளியேறிவிட்டது. எக்ஸ்ரே கருவி வைத்துத் தேடியபோது கூண்டுக்கு அருகே இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருந்தது. சுவரில் துளையிடத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து யாரும் பிடிக்காமலே தன் கூண்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஆகவே முதல் வேலை, உங்கள் மகனின் விவேரியத்தை, அதாவது பாம்புக் கூண்டை, திறந்தே வையுங்கள். கூண்டைச் சூடாக்கும் ஹீட் மேட் என்ற விரிப்போ விளக்கோ வழக்கம்போல ஓடட்டும், தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்கட்டும். தரையிலிருந்து ஏறி வர ஒரு பலகையையோ தடித்த துண்டையோ சாய்த்து வையுங்கள். சிலது இப்படித் தானாகவே திரும்பியதை நானும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அது உண்மையிலேயே வெளியே போனதா என்று பாருங்கள். நான் உதவிக்குப் போன வீடுகளில், மூன்று நாள் தேடிய பாம்பு கூண்டுக்குள்ளேயே கிடந்ததும் உண்டு. உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். மரப்பட்டைக்குள், ஒளிந்துகொள்ளும் கூட்டின் கூரைக்குள், அலங்காரப் பின்பலகைக்கும் மரத்துக்கும் நடுவில், ஹீட் மேட்டுக்கு அடியில், விளக்குக் கூண்டுக்கு மேலே பாருங்கள். அடியில் போட்டிருக்கும் மரச்சீவல் முழுவதையும் கையால் அளைந்து பாருங்கள். பிறகு விவேரியத்தின் பின்பக்கம், அதற்கும் சுவருக்கும் நடுவில், அது நிற்கும் மேசையின் அடிப்பாகம்.

அங்கேயும் இல்லையென்றால் அந்த அறை. வீடு முழுவதையும் ஒரே நேரத்தில் தேடக்கூடாது. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நீங்கள் சமையலறையில் தேடும்போது அது படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு நகர்ந்துவிட்டால், தேடிய இடமும் தேடாத இடமும் கலந்துபோகும். ஓர் அறை, கதவு மூடி, அடியில் துண்டு அடைத்து, ஒரே ஒருவர் அல்லது இருவர். ஒரு மூலையில் தொடங்குங்கள். கையிலெடுத்த ஒவ்வொரு பொருளையும் உதறிப் பார்த்து, பார்த்ததை மட்டும் குளியலறைக்கோ கூடத்துக்கோ மாற்றுங்கள். அறை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும்.

மேசை டிராயரைத் திறந்து பார்ப்பது போதாது. முழுவதுமாக உருவி எடுத்து அதன் பின்னாலுள்ள இடத்தைப் பாருங்கள், பாம்பு அங்கேதான் கிடக்கும். அலமாரியில் புத்தக வரிசைக்குப் பின்னால், பள்ளிப் பையில், ஷூக்குள், மடித்து வைத்த குளிர்காலத் துணிகளுக்கு நடுவில் எல்லாம் பாருங்கள். பையன்கள் அறையில் இன்னொரு இடம் உண்டு: வெதுவெதுப்பாக இருக்கும் கேம் கன்சோல், கம்ப்யூட்டர் பெட்டி, வைஃபை ரூட்டர், இவற்றின் பின்னாலும் அடியிலும். டிவான் கட்டிலின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய துணியில் சின்ன ஓட்டை இருந்தாலும் அதற்குள் போயிருக்கும். சோஃபாவும் அப்படியே. சாய்வு சோஃபா, அதாவது ரிக்ளைனர் இருந்தால் பாம்பு கிடைக்கும்வரை யாரும் அதை இயக்க வேண்டாம், உள்ளேயுள்ள இரும்புக் கம்பிகள் நசுக்கிவிடும். தரையை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். கார்ன் ஸ்னேக் மரமேறி. திரைச்சீலைக் கம்பி, அலமாரியின் தலைப்பகுதி, கதவுக்கு மேலே தொங்கும் கோட்டுகள் எல்லாம் அது போகக்கூடிய இடங்கள்தான்.

அந்த அறையில் இல்லை என்று உறுதியானால், அடுத்து வீட்டில் வெப்பம் இருக்கும் இடங்கள். இங்கிலாந்தில் குளிர்கால இரவில் ஹீட்டிங் அணைந்த பிறகு வீடு 16, 17 டிகிரிக்கு இறங்கும். கார்ன் ஸ்னேக்குக்குக் கூண்டில் நாம் கொடுப்பது ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி, மறுபக்கம் 20 முதல் 24. ஆகவே வெந்நீர் உருளை இருக்கும் ஏரிங் கப்போர்டு, பாய்லரின் அடி, ஃபிரிட்ஜின் பின்னால் கம்ப்ரஸர் இருக்கும் பள்ளம், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கும் சுவருக்கும் நடு, துணி உலர்த்தும் இயந்திரத்தின் பின்புறம் ஆகியவை. சமையலறை அலமாரிகளின் கீழே காலடியில் ஒரு பலகை ஓடும், பிளின்த் என்பார்கள். அது இழுத்தால் கழன்று வரும். அதன் பின்னால் வீட்டின் நீளத்துக்கு ஒரு சுரங்கம் இருக்கிறது, இருட்டு, தூசி, குழாய்ச் சூடு எல்லாம் உண்டு. குளியல் தொட்டியின் பக்கப் பலகைக்குப் பின்னாலும் அப்படித்தான். சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் போர்டில் குழாய் நுழையும் ஓட்டை தலை நுழையும் அளவு இருந்தால் அங்கே சந்தேகம் வையுங்கள். தலை போனால் உடம்பும் போகும் என்பது இந்தப் பாம்புக்குக் கணக்கு.

கிடைக்கும்வரை ஓவனைப் பற்ற வைக்கும் முன்பும், வாஷிங் மெஷினில் துணி போடும் முன்பும், துணி உலர்த்தும் இயந்திரத்தைச் சுற்றவிடும் முன்பும் உள்ளே பாருங்கள். பூனையோ நாயோ இருந்தால் ஓர் அறைக்குள் அடைத்து வையுங்கள். டாய்லெட் மூடியைக் கவிழ்த்து வையுங்கள். இது வீண் பயமுறுத்தல் இல்லை. 2021 ஜூலையில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 65 வயதுக்காரர் ஒருவர் காலையில் கழிப்பறையில் உட்கார்ந்தபோது கடி வாங்கினார், கீழே 1.6 மீட்டர் வெள்ளை மலைப்பாம்பு இருந்தது. பக்கத்துக் குடியிருப்பில் வளர்த்தவரிடமிருந்து குழாய் வழியாக வந்திருக்கலாம் என்றார்கள். அரிதுதான், ஆனால் மூடியைக் கவிழ்க்க என்ன செலவு?

கை விட்டுத் துழாவ வேண்டாம். மொபைல் கேமராவை இடுக்குக்குள் நீட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள். மொபைலில் செருகுகிற பாம்பு வடிவ எண்டோஸ்கோப் கேமரா ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, பிளின்த்துக்குப் பின்னால் பார்க்க அதைவிட நல்ல சாமான் இல்லை. வெப்பக் கேமரா வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பார்கள். பணம் வீண். பாம்பின் உடம்பு சுற்றியிருக்கும் பொருளின் வெப்பநிலைக்கே வந்துவிடும், கேமராவில் தனியாகத் தெரியாது. சுவரை ஊடுருவியும் அது பார்க்காது.

இங்கே நம்மவர்கள் பற்றி ஒரு வார்த்தை. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிப்போயிருக்கின்றன. செல்லப்பிராணி வியாபாரத்தின் வழியாக வந்து, தப்பியும் விடப்பட்டும் காட்டுக்குள் போனவற்றின் வாரிசுகள் அவை. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற, பாம்பு பிடிப்பதில் பேர்போன இருளர் பழங்குடியைச் சேர்ந்த இருவரை அங்கே அழைத்துப் போனார்கள். முதல் எட்டு நாளில் அவர்கள் உதவியோடு 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன, அதில் ஒன்று கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தில் ஒளிந்திருந்த 16 அடிப் பெண் பாம்பு. இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் சாலையோரமாக வண்டியில் போய்ப் பாம்பையே தேடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் புதருக்குள் இறங்கித் தடத்தைத் தேடினார்கள்: உரித்த சட்டை, எச்சம், புல் படிந்திருக்கும் விதம்.

வீட்டுக்குள்ளும் அதையே செய்யுங்கள். அலமாரிக்கு மேலே படிந்த தூசியில் ஒரு வளைந்த கோடு, காலையில் காரணமில்லாமல் விழுந்து கிடக்கும் சின்னப் பொம்மை, வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற பகுதியோடு கூடிய எச்சம், தோல் துணுக்கு, இதெல்லாம் அது எந்த அறையில் இருக்கிறது என்று சொல்லிவிடும். தடம் தானாகக் கிடைக்கவில்லையென்றால் கிடைக்கும்படி செய்யலாம். இரவு படுக்கப் போகும்போது ஒவ்வொரு அறையின் நிலைப்படியிலும் ஓர் அடி அகலத்துக்கு அரிசி மாவை மெல்லிசாகத் தூவுங்கள், அத்தையிடமே இந்த வேலையைக் கொடுங்கள். கல்மாவுக் கோலப்பொடி வேண்டாம், மூக்கில் ஏறும். காலையில் மாவில் கோடு விழுந்திருந்தால் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெரியும். சுவரோரமாகச் சலசலக்கும் பிளாஸ்டிக் பைகளையோ சிப்ஸ் பொட்டலக் காகிதங்களையோ பரப்பிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, அந்த அறையில் அசையாமல் உட்கார்ந்திருங்கள். அது மேலே ஊர்ந்தால் சத்தம் கேட்கும். மொபைலை மெதுவாக எடுத்து டார்ச் அடியுங்கள். நள்ளிரவுவரை விழித்திருக்க 13 வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது, விடுமுறை நாளாகப் பார்த்து அவனை உட்கார வையுங்கள்.

இன்னும் ஒரு வழி, அதை வரவழைப்பது. வீட்டு ஹீட்டிங்கைக் குறைத்து, அது இருக்கக்கூடிய அறையில் மட்டும் ஒரு மூலையில் தெர்மோஸ்டாட்டோடு ஹீட் மேட்டைப் போட்டு, மேலே ஒரு கவிழ்த்த பெட்டி வையுங்கள், பக்கத்தில் தண்ணீர். உள்ளே ஈரமான பாசியோ நனைத்துப் பிழிந்த துணியோ இருந்தால் இன்னும் நல்லது, தோலுரிக்கப் போகிற பாம்பு அதைத் தேடி வரும். ஆனால் வீட்டை ஒரேயடியாகக் குளிர வைக்காதீர்கள். 15 டிகிரிக்குக் கீழே போனால் அது மரத்துப்போய் இருந்த இடத்திலேயே கிடக்கும், வெப்பம் தேடி நகரும் தெம்பு இருக்காது. காட்டில் குளிர்காலத்தை ஒடுங்கிக் கழிக்கும் இனம் என்பதால் கார்ன் ஸ்னேக் அதைத் தாங்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ராயல் பைத்தான் தாங்காது, சளி பிடித்து நுரையீரல் கெட்டுவிடும். ராயல் பைத்தானைத் தொலைத்தவர்கள் இதைப் படித்தால், ஹீட்டிங்கைக் குறைக்காமலே தேடுங்கள்.

எலி வைத்த பொறியும் உண்டு. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் பக்கத்தில், பாம்பு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு துளை போடுங்கள், விளிம்பில் டேப் ஒட்டிக் கூர்மையைப் போக்குங்கள். உள்ளே உறைபதத்திலிருந்து எடுத்து வெதுவெதுப்பாக்கிய எலி. உள்ளே போய் விழுங்கிய பிறகு வயிறு புடைத்துவிடும், அதே துளையில் வெளியே வர முடியாது. காலைவரை தொடாத எலியைக் குப்பையில் போட்டுவிடுங்கள். உயிருள்ள எலியை வைக்கவே வேண்டாம், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். பசைப்பலகை இன்னும் மோசம். இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் எலிக்கே அதைச் சாதாரண மக்கள் வைக்கக்கூடாது. ஏற்கெனவே எங்காவது வைத்திருந்து பாம்பு ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், சமையல் எண்ணெயை ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுங்கள்.

வெளியே போயிருக்குமா என்பதற்கு வருவோம். குளிர்காலம், ஜன்னல்கள் மூடியிருந்தன என்றால் வாய்ப்பு குறைவு. ஆனால் டெரஸ் வீடு என்கிறீர்கள். பக்கத்து வீட்டோடு சுவரும், பல பழைய வீடுகளில் கூரைக்கு அடியிலுள்ள லாஃப்டும் தரைப்பலகையின் அடியும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் கிடைக்கவில்லையென்றால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நாள் காலையில் அவர்கள் சமையலறையில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று நெளிந்தால், மண்வெட்டி எடுப்பதா உங்களைக் கூப்பிடுவதா என்பது நீங்கள் முன்னால் சொல்லி வைத்திருப்பதைப் பொறுத்தது. பாம்பின் படத்தை ஒரு தாளில் அச்சடித்து, விஷமில்லை, தொட வேண்டாம், ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.-க்கும் அருகிலுள்ள ஊர்வன மீட்பு அமைப்புகளுக்கும் தெரிவித்து வையுங்கள். யாராவது கண்டெடுத்தால் அங்கேதான் சொல்வார்கள்.

சட்டமும் இதில் கொஞ்சம் இருக்கிறது. கார்ன் ஸ்னேக் வளர்க்க பிரிட்டனில் உரிமம் வேண்டாம். 1976-ஆம் ஆண்டின் அபாயகரமான காட்டு விலங்குகள் சட்டப்படி உரிமம் கேட்பது விஷப்பாம்புகளுக்குத்தான். ஆனால் இந்த நாட்டுக்கு உரியதல்லாத விலங்கை வெளியில் விடுவதும் தப்பவிடுவதும் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். பூச்சாண்டி காட்டச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. வேல்ஸில் கால்வின் பே ஊரில் மலைமேல் உள்ள விலங்குக்காட்சிசாலையிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் தப்பிய ஈஸ்குலேப்பியப் பாம்புகள் இன்றும் அந்த வட்டாரத்தில் இனம் பெருகி வாழ்கின்றன, உரக்குவியலிலும் வீடுகளின் கூரை இடுக்கிலும் சூடு தேடிக்கொண்டு. அவற்றால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் அப்படி இல்லை. வளர்ப்பிலிருந்து போன கலிபோர்னியக் கிங் ஸ்னேக், அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லியினத்தைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம், கிடைக்கும்வரை சமையல் மேடையை ஒவ்வொரு முறையும் சமைக்கும் முன் கிருமிநாசினி போட்டுத் துடையுங்கள். ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா இருப்பது சகஜம். 5 வயதுக்குக் கீழே குழந்தைகளோ வயதானவர்களோ உள்ள வீட்டில் பாம்பின் கடியைவிட இதுதான் உண்மையான ஆபத்து.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. தமிழ்நாட்டில் வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அங்கே அது நாகமாகவோ கட்டுவிரியனாகவோ கண்ணாடி விரியனாகவோ சுருட்டை விரியனாகவோ இருக்கலாம். விலகி நின்று, அது இருக்கும் இடத்தில் ஒரு கண் வைத்து, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

இப்போது கூண்டு. மகனைத் திட்டி முடித்திருப்பீர்கள். ஆனால் ஒரு பிள்ளை ஒரு முறை மறந்தால் பாம்பு வெளியே போய்விடும் என்றால், குறை கூண்டில்தான். சறுக்குக் கண்ணாடிக் கதவுக்கு ஒரு சின்ன ரம்பப்பல் பூட்டு விற்கிறார்கள், நகைக்கடைக் கண்ணாடி அலமாரியில் போடுவார்களே அது. அதைப் போட்டுச் சாவியை ஓரிடத்தில் மாட்டுங்கள், சாவி அங்கே இல்லையென்றால் பூட்டவில்லை என்று யார் பார்த்தாலும் தெரியும். பூட்டிய பிறகும் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் செங்குத்தாக ஒரு சந்து இருக்கும். பென்சில் தடிமனுள்ள குஞ்சுப் பாம்பு அதன் வழியாகவே நழுவிவிடும். மூன்றடிப் பாம்புக்கு இப்போது அது பிரச்சினை இல்லை, ஆனால் இன்னொரு குஞ்சு வாங்கினால் நினைவில் வையுங்கள். ஒயர் நுழையும் ஓட்டைகளைச் சுற்றி அடையுங்கள். காற்றோட்ட வலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள், பிசின் காய்ந்து ஒரு மூலை தூக்கிக்கொண்டிருக்கும். கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் மூடியின் மேல் கனமான புத்தகம் வைப்பார்கள். பாம்பு உடம்பு முழுவதையும் ஊன்றி மேல்நோக்கித் தள்ளும், புத்தகம் நகர்ந்துவிடும். கவ்வும் கிளிப் வேண்டும். பல்பையோ ஹீட்டரையோ மாற்றிய நாளில் ஸ்கான்சென் ராஜநாகத்தை நினைத்துக்கொண்டு மறுபடி ஒரு முறை எல்லா மூலையையும் பாருங்கள்.

பாம்பு ஏன் முட்டிக்கொண்டே இருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. மூக்கு தேயும் அளவுக்கு இரவெல்லாம் கண்ணாடியில் உரசினால் பசி, சூடு அதிகம், ஒளிய இடமில்லை, வசந்த காலத்து ஆண் பாம்பு, இப்படி ஏதோ ஒன்று. தெர்மோமீட்டரைச் சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் வைத்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் திறந்த கதவைக் கண்டால் அது போகத்தான் செய்யும்.

மலைப்பாம்பு வளர்ப்பவர்களுக்கு இதே அறிவுரை போதாது. ராயல் பைத்தானைச் சொல்லவில்லை, அது சாது. பத்தடிக்கு மேல் வளரும் இனங்களைச் சொல்கிறேன். 2013 ஆகஸ்டில் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் கேம்பல்டன் என்ற ஊரில், செல்லப்பிராணிக் கடைக்கு மேலேயிருந்த குடியிருப்பில் வளர்க்கப்பட்ட ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு காற்றோட்டத் துளை வழியாக வெளியேறி, அடுத்த அறையின் கூரை வழியே விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 4, 6 வயதுச் சகோதரர்கள் இருவரையும் கொன்றது. உரிமையாளர்மீது வழக்கு நடந்து 2016-இல் விடுதலையானார். அந்த அளவுப் பாம்புக்குப் பூட்டிய கூண்டும், பூட்டிய அறையும், தூக்க இரண்டு பெரியவர்களும் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. தப்பிவிட்டால் தனியாகத் தேடாமல், குழந்தைகளை உடனே வீட்டை விட்டு வெளியேற்றி, போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் பாம்பு கிடைத்த பிறகு செய்ய வேண்டியது: உடனே தூக்கிக் கொஞ்சாதீர்கள், எலியும் கொடுக்காதீர்கள். குளிர்ந்து கிடந்திருந்தால் வெந்நீரில் போடாமல் கூண்டில் விட்டு மெதுவாகச் சூடேறட்டும். தண்ணீர் வையுங்கள், நிறையக் குடிக்கும். அடுத்த நாள் வெளிச்சத்தில் உடம்பு முழுக்கப் பாருங்கள். ரேடியேட்டரில் சுட்ட காயம், ஆணியில் கிழித்த கீறல், கண்மேல் உரியாமல் நிற்கும் பழைய தோல் இருக்கிறதா என்று தேடுங்கள். வாயைத் திறந்துகொண்டு மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழ் வந்தாலோ, மூச்சில் கரகரப்புக் கேட்டாலோ ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். எல்லா மருத்துவர்களும் பாம்பைப் பார்க்க மாட்டார்கள், இப்போதே தொலைபேசியில் கேட்டு ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் யாரும் தொடாமல் விட்டு, பிறகு வழக்கத்தைவிட ஓர் அளவு சின்ன எலியாகக் கொடுங்கள். கக்கிவிட்டால் இரண்டு வாரம் இடைவெளி விட்டு இன்னும் சின்னதாக ஒன்று. மறுபடியும் கக்கினால் அப்போது மருத்துவர்.